முதல் கேள்வி: உன் பெயர் என்ன?

ஆங்கிலிக்கன் சபை பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் பழைய வினாவிடை இரண்டு சின்னக் கேள்விகளோடு தொடங்குகிறது. உன் பெயர் என்ன? அந்தப் பெயரை உனக்கு இட்டவர்கள் யார்? கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. பர்மாவில் ஒரு கிராமத்துத் தமிழ்ப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று முழிக்கும். பள்ளிக்கூடப் பதிவில் மாங் என்றோ மா என்றோ தொடங்கும் பர்மியப் பெயர் இருக்கும். வீட்டில் தம்பி, பாப்பா, இல்லையென்றால் தாத்தாவின் பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் யோசேப்பு, எஸ்தர், ஞானம்மாள் என்று மூன்றாவதாக ஒன்று. இந்த மூன்றில் எதைச் சொல்வது?

வினாவிடை கேட்பது மூன்றாவது பெயரை. அடுத்த பதிலே அதைத் தெளிவாக்கிவிடுகிறது: ஞானஸ்நானத்தில் என் ஞானப் பெற்றோர் இந்தப் பெயரை எனக்கு இட்டார்கள், அதில்தான் நான் கிறிஸ்துவின் அவயவமாகவும், தேவனுடைய பிள்ளையாகவும், பரலோக ராஜ்யத்தைச் சுதந்தரிக்கிறவனாகவும் ஆனேன். அந்தப் பெயரால் தன்னை ஒருவரும் கூப்பிட்டதே இல்லை என்றால், இந்தப் பதில் பிள்ளைக்கு வேறு யாருடைய கதை போலத்தான் இருக்கும். ஆகவே திடப்படுத்தலுக்கு, அதாவது ஞானஸ்நான வாக்கைப் பிள்ளை தானே உறுதிசெய்ய, பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கும் ஆராதனைக்கு, ஆயத்தம் செய்ய நினைக்கும் வீட்டில் முதல் வேலை புத்தகத்தைத் திறப்பது இல்லை. குறைந்தது மூன்று மாதம் முன்னதாக, தினம் ஒரு தடவை, மாலை ஜெபத்திலாவது, பிள்ளையை ஞானஸ்நானப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பியுங்கள்.

கையோடு பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். அதில் தேட வேண்டியவை நான்கு: பெயர், ஞானஸ்நான நாள், கொடுத்த இடம், அன்று பிள்ளைக்காக வாக்குக் கொடுத்த ஞானப் பெற்றோர். 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெபபுத்தகத்தின் ஒழுங்குப்படி ஆண் பிள்ளைக்கு ஞானத் தகப்பன்மார் இருவர், ஞானத் தாய் ஒருவர். பெண் பிள்ளைக்கு ஞானத் தாய்மார் இருவர், ஞானத் தகப்பன் ஒருவர். மூன்று பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேடே இல்லாத ஊர்களும் உண்டு. 1942 யுத்தத்தில் சிதறியவை, 2008 மே 2, 3 தேதிகளில் நர்கிஸ் புயல் அடித்தபோது டெல்டாவில் தண்ணீரோடு போனவை என்று காரணங்கள் பல. அப்படியானால் அன்று கூட இருந்தவர்கள் இரண்டு பேரிடம் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். சாட்சியும் இல்லாமல் உண்மையிலேயே சந்தேகம் என்றால் ஜெபபுத்தகத்திலேயே வழி இருக்கிறது: "நீ இதற்கு முன் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பது. ஞானஸ்நானம் ஒரே தரம்தான், இரண்டாம் தரம் கிடையாது என்பதால்தான் இந்த நிபந்தனை. அவசரத்தில் குத்துமதிப்பாக ஒரு தேதியை எழுதி ஒப்பேற்றுவதுதான் பல இடங்களில் நடக்கிற தவறு. அந்தப் பொய்த் தேதி கல்யாணப் பதிவு வரைக்கும் கூடவே வரும்.

இனி மொழி. பர்மாவில் தமிழ் ஆங்கிலிக்கன் குடும்பங்களின் வேர் பெரும்பாலும் திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் இருக்கிறது. கோயில், உபதேசியார், ஐயர் (குருவானவர்), லெந்து நாட்கள், அசனம் (சபை விருந்து) என்று நாம் இன்றும் புழங்கும் சொற்களே அதற்குச் சாட்சி. ரங்கூன் மறைமாவட்டம் கல்கத்தாவிலிருந்து பிரிந்தது 1877-இல். மியான்மர் தனி மாகாணச் சபையானது 1970-இல். இன்று பேராயராக வருகிறவர் கரேன் இனத்தவராகவோ, சின் இனத்தவராகவோ, பர்மியராகவோ இருப்பார். ஆராதனை பர்மிய மொழியில் நடக்கும். கோயிலை ஒட்டியிருந்த பள்ளிக்கூடங்கள் 1960-களின் நடுவில் அரசுடைமை ஆனதும், தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வீட்டுத் திண்ணைக்கும் ஞாயிறு வகுப்புக்கும் வந்துவிட்டது. அதே காலத்தில் கடைகள் தேசியமாகி, லட்சக்கணக்கானோர் கப்பல் ஏறிப் போனார்கள். மிஞ்சியிருந்த வீடுகளில் தமிழ் பேச்சாக நிற்கிறது, எழுத்தாகப் பல இடங்களில் இல்லை.

பர்மிய மொழியிலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டால் போதாதா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். ஜெபபுத்தகத்தின் ஒழுங்கு என்ன சொல்கிறது தெரியுமா? பிள்ளைகள் தகுந்த வயதுக்கு வந்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கற்பனைகளையும் தங்கள் தாய்மொழியிலே சொல்லவும், வினாவிடையின் மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் தேறியவுடன் பேராயரிடம் கொண்டுவரப்பட வேண்டும். "தாய்மொழியிலே" என்பது அந்த ஒழுங்கிலேயே இருக்கிற சொல். நாம் மொழிப்பற்றால் சேர்த்தது கிடையாது. வயது இத்தனை என்று அங்கே எண் இல்லை என்பதையும் கவனியுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும்போது பிள்ளை எந்த மொழியில் அம்மாவைக் கூப்பிடுகிறதோ, அந்த மொழியில் ஜெபமும் வர வேண்டும். அர்த்தத்தைப் பர்மிய மொழியில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பாடத்தைத் தமிழில் வையுங்கள். இரண்டும் தேவை. பேராயர் கேட்பது ஒரு மொழியில், பாட்டி கேட்பது இன்னொரு மொழியில்.

தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்கு, பர்மிய எழுத்தில் தமிழ் ஜெபத்தை எழுதிக் கொடுப்பது வழக்கம். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஒரு பெரிய பள்ளம் அதில் இருக்கிறது. ரகரத்துக்கு எழுதும் பர்மிய எழுத்தை இன்றைய பர்மியப் பேச்சு யகரமாகவே ஒலிக்கிறது. ரங்கூன் யாங்கோன் ஆனதும் இந்த ஒரே எழுத்தால்தான். பிள்ளை அந்தத் தாளை வாசிக்கும்போது "பரமண்டலங்கள்" என்பது "பயமண்டலங்கள்" என்று வரும். பரமபிதா பயத்தின் மண்டலத்தில் உட்கார்ந்துவிடுகிறார். "பரிசுத்தம்" பயிசுத்தம் ஆகும். ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடும். சொல்லின் கடைசியில் வரும் ம், ன் வெறும் மூக்கொலியாகத் தேய்ந்துபோகும். இப்படி ஒரு மாதம் வாய்க்குப் பழகிய பிழையைத் திருத்த ஆறு மாதம் பிடிக்கும். அதனால் பர்மிய எழுத்துத் தாளை இரண்டு வாரத்துக்கு மேல் கையில் விடாதீர்கள். அதற்குள் கர்த்தருடைய ஜெபத்தில் வரும் தமிழ் எழுத்துகளை மட்டும் தினம் மூன்று நான்காகச் சொல்லிக் கொடுங்கள். 247 எழுத்தும் தெரிந்த பிறகுதான் ஜெபம் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். ர, ற, ழ வரும் இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்தால் பாதிப் பிழை குறையும்.

அதே ஜெபத்தில் நின்று விளக்க வேண்டிய சொல் "கடன்". "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." பிள்ளைக்குத் தெரிந்த கடன் மளிகைக் கடைச் சிட்டையில் இருப்பது, விதை நெல்லுக்கு வாங்கியது. கீழ்ப் பர்மாவில் இந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். 1930-களின் மந்தத்தில் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி வயல், கடனுக்கு ஈடாகச் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்குப் போனது. கொடுத்தவர் பேசியதும் தமிழ். அந்த நினைவு இன்னும் ஊர்ப்பேச்சில் கிடக்கிற இடத்தில், "கடன் என்றால் பாவம், வேறொன்றுமில்லை" என்று ஒரே வரியில் கடந்துவிடக் கூடாது. கடைச் சிட்டையையே எடுத்துக் காட்டலாம். இதில் நம் பெயருக்கு நேரே இருக்கும் தொகையை ஒருவர் அடித்துவிட்டால், நமக்குத் தர வேண்டியவனிடம் நாம் எப்படிப் பேசுவோம்? எட்டு வயதுப் பிள்ளையும் இதைப் பிடித்துக்கொள்ளும்.

விசுவாசப் பிரமாணத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். வினாவிடையே அப்படித்தான் பிரிக்கிறது: என்னையும் உலகம் முழுவதையும் படைத்த பிதா, என்னையும் மனுக்குலம் முழுவதையும் மீட்ட குமாரன், என்னையும் தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் முழுவதையும் பரிசுத்தமாக்கும் ஆவி. நடுப்பகுதி நீளம். பிள்ளைகள் தட்டுக்கெட்டு நிற்பது பெரும்பாலும் "பாதாளத்தில் இறங்கினார்" என்ற இடத்தில். காரணம், அதுவரை பாடுபட்டு, அறையுண்டு, மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு என்று ஓட்டமாக வந்த பேச்சு அங்கே மூச்சு வாங்குகிறது. இறங்கினார், எழுந்தருளினார், ஏறினார் என்று கையைக் கீழிருந்து மேலே தூக்கிக் காட்டிச் சொல்ல வைத்தால் மறக்காது.

பத்துக் கற்பனைகளில் ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை ஒரே நாளில் வந்துவிடும், அத்தனை குட்டை. இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் தலா ஒரு வாரம் வையுங்கள். எண் வரிசையில் ஒரு குழப்பம் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது நான்காவது, நமக்கு ஐந்தாவது. சொரூபத்தைப் பற்றிய கட்டளையை அவர்கள் முதலாவதோடு சேர்த்து எண்ணி, இச்சையைப் பற்றியதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வசனங்கள் அதே வசனங்கள், எண்ணிக்கைதான் வேறு. சொல்லாமல் விட்டால் இரண்டு பிள்ளைகளும் கோயில் வாசலில் நின்று யார் சரி என்று சண்டை போடும்.

இரண்டாவது கற்பனைக்குத்தான் அதிக நிதானம் வேண்டும். நம் பிள்ளை தெருவில் இறங்கினால் புத்தரின் பகோடா கோபுரம், ஆலமரத்தடியில் நாட் என்னும் ஆவிகளுக்கு மாடம், அடுத்த தெருவில் மாரியம்மன் கோயில். சித்தப்பாவோ மாமாவோ பிலிக்கான் ஊர் அங்காளபரமேஸ்வரிக்கு நேர்ந்துகொண்டவராகவும் இருக்கலாம். "நாம் அதை வணங்குவதில்லை" என்பது கற்பனை. "அதை வணங்குகிறவர்கள் மட்டமானவர்கள்" என்பது கற்பனையில் இல்லை. அப்படிச் சொல்லிக் கொடுத்தால் ஐந்தாவதும் ஒன்பதாவதும் உடையும். மாமா வீட்டில் சாப்பிடலாமா, படையல் வாங்கலாமா, பகோடாவுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் வீட்டின் பதில் என்னவென்று தாயும் தகப்பனும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒன்றும் அம்மா ஒன்றும் சொன்னால் பிள்ளை படிப்பது கற்பனையை ஏய்க்கும் வழியைத்தான்.

அயலானுக்கு நான் செய்ய வேண்டிய கடமை என்று ஒரு நீண்ட பதில் வருகிறது. அதை மனப்பாடம் செய்ய முடியாமல் அழுகிற பிள்ளைகள் உண்டு. உடம்பைத் தொட்டுச் சொல்ல வைப்பது நல்ல வழி. களவுக்குப் போகாதபடி கை. பொய், கோள், அவதூறு பேசாதபடி நாக்கு. அடக்கத்திலும் தெளிவிலும் கற்பிலும் வைக்க வேண்டியது உடம்பு. பிறகு, சொந்தப் பிழைப்புக்கு உண்மையாய் உழைக்கக் கற்றுக்கொள்வது. இந்தக் கடைசி வரி வயல்வேலை செய்கிற வீட்டில் அருமையாக விளங்கும்.

இதெல்லாம் வகுப்பில் மட்டும் நடக்காது. வாரம் ஒரு நாள் நாற்பது நிமிஷ வகுப்பு எவ்வளவு தாங்கும்? தினம் மாலை வீட்டு ஜெபம் பதினைந்து நிமிஷம் இருந்தால் போதும். அதில் ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம். சங்கீதத்தை ஜெபபுத்தகத்தின் முப்பது நாள் பங்கின்படியே வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் 15-ஆம் தேதி மாலை சிக்கிக்கொள்வார்கள்: அன்றைக்கு 78-ஆம் சங்கீதம், 72 வசனம். தாத்தா வாசித்து முடிக்கும்போது சின்னது பாயில் உருண்டு கிடக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அன்று முதல் எட்டு வசனம் போதும். பிதாக்கள் சொன்னதைப் பிள்ளைகளுக்கு மறைக்கமாட்டோம் என்பது அங்கேதான் வருகிறது.

அடுப்படியில் ஒரு பிடியரிசிப் பானையும் வையுங்கள். காலை உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. பிள்ளையின் கையால் போட வேண்டும், அம்மா போட்டால் அது அம்மாவின் காணிக்கை. மாதம் அறுபது பிடி ஆகிறது. பெரியவர் கைக்கு ஏறக்குறைய ஒரு பி, அதாவது எட்டுப் பால்டின் அரிசி வரும்; பிள்ளையின் கைக்கு ஐந்தாறு பால்டின். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் மழைக்காலத்தில் வண்டு வைக்கும். நாலு காய்ந்த மிளகாய் போட்டு வைத்து, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள்.

காலக் கணக்கும் முக்கியம். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது, மழையும் அப்போதே பிடித்துக்கொள்கிறது. அக்டோபர் வரைக்கும் கிராமத்துப் பாதை சேறு, பேராயர் வருவது கடினம். நவம்பரிலிருந்து அறுப்பு, பெரிய பிள்ளைகள் வயலில் நிற்பார்கள். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை வகுப்பு, அக்டோபரில் திருப்பிப் பார்த்தல், பாதை காய்ந்த மாதங்களில் திடப்படுத்தல் என்று வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஏப்ரலில் வைக்க நினைப்பவர்கள் தண்ணீர்த் திருவிழாவை மறந்துவிடாதீர்கள். 2022-இல் உயிர்த்தெழுந்த ஞாயிறும் பர்மியப் புத்தாண்டும் ஒரே நாள், ஏப்ரல் 17. பெரிய வெள்ளி தண்ணீர்த் திருவிழா நாட்களுக்குள்ளேயே வந்தது. ஊரே தெருவில் தண்ணீர் ஊற்றும் நாளில், வெள்ளையுடுத்திக் கோயிலுக்குப் போகிற பிள்ளை நனையாமல் போக முடியாது. ஜெபபுத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மாற்றுத் துணியும் கொடுத்து அனுப்ப வேண்டும். ஊற்றுகிறவர்கள் மேல் கோபப்படவும் கூடாது.

அதே கோடை விடுமுறையில்தான் ஷின்ப்யு, அதாவது பௌத்தப் பையன்கள் இளந்துறவியாகும் சடங்கின் ஊர்வலங்கள் போகும். கூடப் படிக்கிற பையன் ராஜகுமாரன் போல உடுத்திக் குதிரையில் போவான், பிறகு தலை மழித்துக் காவி உடுத்துவான், ஊரே சாப்பிடும். நம் பிள்ளை கேட்கும்: எனக்கு எப்போது? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்கான பதில் திடப்படுத்தல்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். அவன் வீடு அவனுக்குக் கொடுப்பதை வாழ்த்திவிட்டு, உன் ஞானஸ்நானத்தில் உனக்காக மற்றவர்கள் கொடுத்த வாக்கை உன் வாயால் நீயே சொல்லும் நாள் வரும் என்று சொல்லுங்கள். அன்று சபையாருக்கு ஒரு எளிய சாப்பாடும் போடுங்கள். அசனம் நமக்குப் புதிதா என்ன?

அந்த நாளில் பிள்ளை சொல்ல வேண்டியது மிகக் கொஞ்சம். பழைய ஒழுங்கில் பேராயர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று, அது நீளமானது. ஞானஸ்நான வாக்கை இந்தச் சபைக்கு முன்பாக நீங்களே புதுப்பித்து உறுதிப்படுத்துகிறீர்களா என்பதே அதன் சாரம். அதற்கு ஒவ்வொருவரும் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். நீளமான கேள்வி எங்கே முடிகிறது என்று தெரியாமல் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பதே வழக்கமான தடுமாற்றம். கேள்வியின் கடைசி ஐந்து சொல்லை மட்டும், பேராயர் பேசும் மொழியில், பத்துத் தடவை சொல்லிக் காட்டிப் பழக்குங்கள்.

முட்டி போடுவதையும் பழக்க வேண்டும். பெண்கள் உடுத்தும் தமெய்னும் ஆண்களின் லுங்கியும் முட்டிக்குக் கீழே மாட்டிக்கொண்டால் எழும்ப முடியாமல் முன்னால் விழுவார்கள். முட்டி போடும் முன் துணியை இரண்டு விரல் அளவு தூக்கிவிட்டு, எழும்பும்போது ஒரு காலை முதலில் ஊன்ற வேண்டும். பெண் பிள்ளைகளின் முக்காட்டை உச்சியில் குத்தாமல் காதுக்குப் பின்னால் இரண்டு ஊசியால் குத்துங்கள். பேராயரின் கை உச்சியில்தான் வரும். அன்று தலைக்கு எண்ணெயும் பூவும் குறைவாக இருக்கட்டும். முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைக் குழம்பு இருக்கலாம். வெறும் வயிற்றோடு கொண்டுவந்து, புழுக்கத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி, மயங்கி விழ விடாதீர்கள். பக்திக்காக உபவாசம் இருப்பது பெரியவர்களின் விருப்பம். சின்னப் பிள்ளைக்கு விடியலில் ஒரு டம்ளர் கஞ்சி கொடுப்பதை எந்த ஒழுங்கும் தடுக்கவில்லை.

திருவிருந்துக்கு வருகிறவர்களிடம் வினாவிடை எதிர்பார்க்கும் காரியங்களை ஐந்து விரலில் எண்ண வைக்கலாம்: மனந்திரும்புதல், புது நடக்கைக்கான தீர்மானம், விசுவாசம், நன்றியுள்ள நினைவு, எல்லாரோடும் அன்பு. ஐந்தாவது விரலுக்குச் சனிக்கிழமையே வேலை இருக்கிறது. கோலிக்குண்டுச் சண்டையாக இருந்தாலும் போய்ப் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். அப்பத்தை வாங்கும்போது இடது கைமேல் வலது கை, உள்ளங்கை மேலே. விரலால் கவ்வக் கூடாது. கிண்ணத்தின் அடியை லேசாகப் பிடித்து வாயருகே சாய்க்க வேண்டும். திராட்சரசம் தெரியாத பிள்ளைக்குத் தொண்டையில் ஏறி இருமும். முந்தின வாரம் ஒத்திகையில் துளி ருசி காட்டிவிட்டால் அந்தப் பயம் போகும்.

எல்லாம் ஆயத்தமாகியும் வெள்ளமோ கலவரமோ வந்து பேராயர் வர முடியாமல் போனால்? பிள்ளையைக் காத்திருக்க வைத்து வாடவிட வேண்டாம். திடப்படுத்தப்பட்டவர்கள், அல்லது ஆயத்தமாயிருந்து அதை விரும்புகிறவர்கள் திருவிருந்துக்குச் சேர்க்கப்படலாம் என்று அதே ஒழுங்கின் கடைசி வரி சொல்கிறது. ஐயரிடம் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். திடப்படுத்தல் நடக்கும்போது ஞானப் பெற்றோரில் ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டும் என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள். மூவரும் மலேசியாவிலோ சென்னையிலோ இருந்தால் சபை மூப்பர் ஒருவரை ஏற்பாரா என்று முன்பே பேசிக்கொள்ளலாம்.

ஆராதனை முடிந்த அன்றே பதிவேட்டில் எழுதிவிட வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. ஞானஸ்நானப் பெயரைத் தமிழிலும், பள்ளிக்கூடப் பெயரைப் பர்மிய எழுத்திலும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். நாளும் இடமும் சாட்சியின் பெயரும் சேருங்கள். ஒரு நகல் எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோயிலில் ஒன்றும் வேறொரு ஊரில் ஒன்றுமாக வையுங்கள். தகரப் பெட்டியைத் தரையில் வைக்காமல் உத்தரத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள். திங்கட்கிழமை மாலை வீட்டு ஜெபத்தில் வாசிப்பு பிள்ளையுடையது. 117-ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம், இரண்டே வசனம்தான்.